வாயில் குஞ்சு காக்கும் மீன்களும் வீட்டுத் தொட்டியும்

டில்லியில் வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டாலும், குஞ்சுகள் பெருகி இடம் போதாமற் போனாலும், அவற்றைக் கொல்ல மனம் வராதவர்கள் ஒரு பாத்திரத்தில் எடுத்துச் சென்று யமுனையிலோ அருகிலுள்ள குளத்திலோ விட்டுவிடுவதுண்டு. அதனை ஜீவகாருண்யம் என்று கருதுவோரும், புண்ணியம் என்று கருதுவோரும் உளர். விடப்பட்ட மீன்களிற் பல கொக்குக்கும் நாரைக்கும் இரையாகி ஓரிரு நாட்களில் மடிந்துபோகும்; தீங்கு பெரும்பாலும் அம்மீன்களோடு முடிந்துவிடும். ஆனால் முட்டைகளை வாயில் ஏந்தி அடைகாக்கும் மீனினங்களின் செய்தி வேறு. இம்மீன்களைப் பள்ளிகளிலும் வீடுகளிலும் வளர்ப்பது மாணவர்க்கு மிகுந்த பயன் தருவது. ஆயினும் அதற்குக் கடைவீதியில் எளிதிற் கிடைக்கும் அயல்நாட்டு இனங்களைக் கொள்வதா, நம் ஓடைகளுக்கே உரிய இனத்தைக் கொள்வதா என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ளுதல் வேண்டும்.

வாயில் அடைகாக்கும் வழக்கம் மீன்களிடையே பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியுள்ளது. கடற்கரை மாவட்டங்களில் பணியாற்றியவர்கள் கடற்கெளிற்று மீனின் வாயைத் திறந்து பார்க்கையில், கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகள் உள்ளே இருக்கக் கண்டிருப்பர். அவ்வாறு சுமப்பது ஆண் மீனே. சுமக்கும் காலமெல்லாம் அது இரை கொள்வதில்லை. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பிரான்சிஸ் டே இதனைக் கண்டு எழுதியுள்ளார். ஆப்பிரிக்க நாட்டுத் திலாப்பியாக்களில் நாம் பெரிதும் அறிந்த இரண்டில், அதாவது மொசாம்பிக் திலாப்பியாவிலும் நைல் திலாப்பியாவிலும், இக்கடமை தாய்க்கு உரியது. முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும், ஆபத்து நேருங்கால் அவை தாயின் வாய்க்குள் ஓடிப் புகுந்துகொள்வதைத் தொட்டியின் முன் அமர்ந்து ஒருமுறை கண்ட மாணவன் எளிதில் மறப்பதில்லை. பாடநூற் படம் எதுவும் அதற்கு ஈடாகாது.

இக்காட்சியின் பின்னுள்ள உயிரியல் காரணமே இங்கு முக்கியமானது. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய நம் பெருங்கெண்டைகள் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. ஆனால் முட்டையிட அவற்றுக்குப் பருவமழையின் வெள்ளம் புரண்டோடும் ஆறு வேண்டும். தேங்கிய குளத்தில் அவை இனம் பெருக்குவதில்லை. அதனாலேயே மீன் வளர்ப்போர் ஆற்றிலிருந்து குஞ்சுகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1957ஆம் ஆண்டில் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டைகளைக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்த பின்னர்தான் அந்நிலை மாறியது. வாயில் அடைகாக்கும் மீனுக்கோ வெள்ளமும் வேண்டா, ஊசியும் வேண்டா. அதன் முட்டைகள் சிலவே. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. அடிநீரில் பிராணவாயு குறைந்தாலும், சேறு படிந்தாலும், முட்டை தின்னும் பிற மீன்கள் சூழ்ந்திருந்தாலும், அவை தாயின் வாயில் பத்திரமாக உள்ளன. தொட்டியின் முன் அமர்ந்தவரை வியக்கச் செய்யும் அதே குணம், அயல் நீரில் விடப்பட்டபோது ஒரேயொரு பெண் மீனைக் கொண்டு ஒரு புதுக்குடியை நிறுவவல்லதாகிறது. குளத்தில் விடப்படும் திலாப்பியாத் தாய் தனியே செல்வதில்லை. தன் வாயில் ஒரு தலைமுறையையே உடன் கொண்டு செல்கிறது.

இந்நாட்டின் அனுபவமும் இதையே காட்டுகிறது. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த மீன்கள் மண்டபத்தை அடைந்தன. விரைவில் வளரும், எதையும் தின்னும், எந்நீரிலும் வாழும் என்ற நம்பிக்கை அன்று மிகுந்திருந்தது. அந்நம்பிக்கை முற்றும் பொய்த்ததென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் குளங்களில் அது பிறந்த சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கி, குளம் நிறையக் குறுமீன்களாய்ப் பெருகி, விற்பனைக்குரிய அளவை எட்டாமல் நின்றுவிட்டது. 1959இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு அதனைப் பரப்புதல் கூடாதென முடிவு செய்தது. அதற்குள் மீன் பல நீர்நிலைகளை எட்டிவிட்டது. தமிழ்நாட்டில் அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் வலைக்குள் வருவதில் திலாப்பியாவே மிகுந்தது. ராஜஸ்தானத்து ஜெய்சமந்து ஏரியில் பெருங்கெண்டைகளின் நிலை தாழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து விதிக்கப்பட்ட தடை, விடப்பட்ட மீனைத் திரும்ப அழைக்கவில்லை.

திலாப்பியாவைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அதே மீன் இலங்கையின் பழைய ஏரிகளில் உள்நாட்டு மீன்பிடிப்புக்கே அடிப்படையாகிப் பல ஏழைக் குடும்பங்களுக்கு உணவளித்து வந்துள்ளது; இந்தியாவிலும் உரிமம் பெற்ற பண்ணைகளில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நைல் திலாப்பியாவை வளர்க்க இன்று அனுமதி உண்டு. உணவு தரும் மீனை, நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்த்து ஓர் அரசாங்கம் அனுமதிப்பது வேறு. அழகுக்காக வாங்கியதை எவரும் கேட்காமல் ஆற்றில் கொட்டுவது வேறு. பின்னதில் நிறுத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

யமுனையை எடுத்துக்கொள்வோம். 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றில் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை உள்ள 22 கிலோமீட்டர், அதாவது மொத்த நீளத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த பகுதி, ஆற்றின் மாசில் மிகப் பெரும்பகுதியை ஏற்கிறது. நஜஃப்கர் வாய்க்காலும் பிற கழிவுநீர்க் கால்களும் கலக்குமிடத்தில் பிராணவாயு இல்லாத நீரில் கெண்டை வாழ்வதரிது. கங்கையிலும் யமுனையிலும் நைல் திலாப்பியா குடிபுகுந்திருப்பதை மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவை பெரும்பாலும் பண்ணைகளிலிருந்தும் மீன் இருப்புச் செய்த குளங்களிலிருந்தும் தப்பியவையாகவே இருத்தல் கூடும். வீட்டுத் தொட்டிகளை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையன்று. ஆயினும் நலிந்த ஆறே அயல் மீனுக்கு எளிதில் இடங்கொடுக்கிறது என்பதும், நலிந்த ஆற்றிலேதான் நகரத்தார் தம் மீன்களை விடுகின்றனர் என்பதும் மறுக்கற்பாலன அல்ல.

கடைவீதியில் கிடைக்கும் வாயடைகாப்பு மீன்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்குரிய வண்ணமீன்களாகும். இவை அவ்வேரியிலிருந்து நேரே வருவனவல்ல. சென்னையில் கொளத்தூரைச் சுற்றியுள்ள அலங்கார மீன் பண்ணைகள் போன்றவற்றில் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டு, ரெயிலிலும் விமானத்திலும் வட இந்தியாவுக்கு அனுப்பப்படுவன. இனங்கள் கலந்து பிறந்தவையும் அவற்றுள் உண்டு. டில்லியின் நிலத்தடி நீர் கடினமானது. மலாவி ஏரியின் நீரும் அத்தன்மையதே. ஆகவே இம்மீன்கள் டில்லித் தொட்டிகளில் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. வளர்ப்பவர் ஆறு மாதத்துக்குள் குஞ்சுகளை என் செய்வதென்று திகைக்கிறார். மாணவர்க்குக் காட்டத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றைக் காண்பதால் அவர்கள் மலாவி ஏரியைப் பற்றிக்கூட அரைகுறையாகவே அறிவர், தம் ஊர் ஓடையைப் பற்றி ஏதும் அறியார்.

டில்லியின் குளிர்காலம் அயல் மீன்களைக் கொன்றுவிடும், ஆகையால் அச்சமில்லை என்று சிலர் வாதிப்பதுண்டு. பல வெப்பநாட்டு மீன்கள் தை மாதக் குளிரில் இறப்பது உண்மையே. யமுனையில் நைல் திலாப்பியா நிலைபெற்றிருப்பது அவ்வாதத்திற்குப் போதிய விடையாகும்.

இனி, நம் ஓடைகளுக்கே உரிய மீனைக் காண்போம். விரால், குரவை ஆகியவற்றின் சிறிய உறவினமான சன்னா கச்சுவா என்னும் மீனைக் கங்கைப் பிரதேசத்து மீன்களைப் பற்றிய தம் நூலில் ஹாமில்டன் 1822ஆம் ஆண்டில் விவரித்தார். அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரையே அதற்கு இட்டார். குள்ள விரால் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் மீன் வளர்ப்போர் அதனை அழைக்கின்றனர். ஒரு சாணுக்கு மேல் வளர்வது அரிது. தூன் பள்ளத்தாக்கின் சிற்றோடைகளிலும், சமவெளியின் வாய்க்கால், வயல்நீர், குட்டை ஆகியவற்றிலும் இது வாழ்கிறது. பழுப்பு உடலும், செம்மஞ்சள் விளிம்பிட்ட நீலச் சாயல் துடுப்புகளும் உடையது. அழகில் மலாவி மீனுக்கு நிகரன்று என்று கடைக்காரர் கூறலாம். முட்டையிடும் பருவத்து ஆண் மீனைக் கண்டவர் அவ்வாறு கூறமாட்டார்.

விராலும் குரவையும் நீர்ப்பரப்பில் செடிகளினிடையே கூடு போல இடம் செய்து, மிதக்கும் முட்டைகளைக் காவல் காக்கின்றன. கச்சுவா அவ்வாறன்று. ஆண் மீன் பெண்ணைத் தன் உடலால் வளைத்து அணைத்துக்கொள்ள, எண்ணெய்த்துளி கொண்ட முட்டைகள் மேலே மிதந்து எழுகின்றன. ஆண் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் சேர்த்துக்கொள்கிறது. அதன்பின் ஒரு வாரத்துக்கு மேலாக அது உணவை நாடாது. தொண்டை பருத்து, தாடை புடைத்து, தொட்டியின் ஒரு மூலையில் அசையாது கிடக்கும். காற்றுக்காக மட்டும் மெல்ல மேலெழும். பெண் மீன் அருகில் நின்று காவல் புரியும். குஞ்சுகள் வெளிவந்த பின்னும் பெற்றோர் இருவரும் அவற்றைச் சூழ்ந்து செல்வர். இக்குழுவைச் சேர்ந்த மீன்களில் பெண் மீன் கருவுறாத முட்டைகளை இட்டு, அவற்றையே குஞ்சுகளுக்கு உணவாக்குவதும் காணப்பட்டிருக்கிறது. திலாப்பியாவில் தாய் சுமக்கிறாள், கச்சுவாவில் தந்தை சுமக்கிறான். ஏன் இவ்வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்பாளாயின், அன்றைய உயிரியல் வகுப்பு நன்கு நடந்ததெனக் கொள்ளலாம்.

வளர்ப்பும் கடினமன்று. மூன்றடி நீளத் தொட்டி ஓர் இணைக்குப் போதும். விரால் குடும்பத்து மீன்கள் செவுளால் மட்டுமன்றி, தலைக்குள் உள்ள துணை உறுப்பாலும் காற்றைச் சுவாசிப்பவை. மேற்பரப்புக்கு வர இயலாவிடில் மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆகையால் நீருக்கும் மூடிக்கும் இடையே நான்கு விரற்கடையேனும் காற்றிடம் விடல் வேண்டும். மூடியின் மேல் பாரம் வைத்தலும் அவசியம். இம்மீன் துள்ளிக் குதித்து வெளியேறுவதில் வல்லது, ஈரத்தரையில் சிறிது தூரம் ஊர்ந்தும் செல்லும். உடைந்த மண்பானை ஓடுகளும் அடர்ந்த நீர்ச்செடிகளும் பெண் மீன் ஒளிந்துகொள்ள உதவும். மாநகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருப்பதால் அதனை ஒரு நாள் திறந்து வைத்தோ, ஹைப்போ உப்பு சிறிது இட்டோ பயன்படுத்த வேண்டும். மண்புழு, சிற்றிறால், வெட்டுக்கிளி ஆகியன நல்ல உணவு. குஞ்சுகளுக்கு நீர்த்தெள்ளு சிறந்தது. கொசுப்புழுவும் நல்ல உணவே. ஆனால் டெங்கு பரவும் டில்லியில் பள்ளி முற்றத்தில் திறந்த தொட்டி வைத்துக் கொசுப்புழு வளர்க்கும் எண்ணம் எவருக்கும் வரலாகாது.

இம்மீனுக்கு வெப்பக்கருவி தேவையில்லை. மலாவி மீனுக்காக மார்கழியிலும் தையிலும் இரவெல்லாம் மின்சாரம் செலவிட வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றுவிட்டால் மறுநாட் காலையில் மீன்கள் மிதக்கின்றன. கச்சுவாவோ குளிரில் மந்தமாகி, இரையைக் குறைத்துக்கொண்டு, பருவம் மாறுங்கால் விழிப்புறுகிறது. அக்குளிர் ஓய்வுக்குப் பின் வரும் வெயிலும் மழையுமே அதனை இனப்பெருக்கத்துக்குத் தூண்டுவன. டில்லியின் பருவங்கள் மலாவி மீனுக்குப் பகை, கச்சுவாவுக்கு நாட்காட்டி. வாரந்தோறும் நீரின் உஷ்ணநிலையை மாணவர் குறித்து வந்தால், முட்டையிடும் நாள் எப்போது நெருங்குகிறதென்று அவர்களே கண்டுகொள்வர்.

ஆயினும் இப்பரிந்துரைக்கு மாறாகச் சொல்லத்தக்கனவும் உள. காட்டு மீனைப் பிடிப்பதே தீங்கன்றோ என்பது முதலாவது. இக்கேள்வி தள்ளத்தக்கதன்று. கேரள, கருநாடக மலையாறுகளுக்கே உரிய செங்கோட்டுக் கெண்டை ஒன்று, 1990களின் பின் அயல்நாட்டுத் தொட்டிகளுக்காகப் பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அஸ்ஸாம் பகுதிக்கே உரிய வண்ண விரால்களுக்கும் வெளிநாட்டுச் சந்தையில் மிகுந்த விலை உண்டு. இத்தகைய அரிய இனங்களை எந்தப் பள்ளியும் வாங்கலாகாது. கச்சுவா பரவலாகக் கிடைப்பது. ஐந்தாறு இளமீன்களை எடுத்து, அவை தாமே இணை சேரவிட்டு, எஞ்சியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுவதால் ஓடைக்குக் குறைவு நேராது. ஓக்லா பறவைச் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் வலையிடுதல் கூடாது. பிற இடங்களிலும் மீன்துறையினரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஒரு பள்ளியில் குஞ்சு பொரித்தால் அவற்றை அடுத்த பள்ளிக்குக் கொடுக்கலாம். அதன்பின் ஓடையை நாடவே தேவையிராது.

நோய் பற்றியது இரண்டாவது. 1988ஆம் ஆண்டில் இந்தியாவில் பரவத் தொடங்கிய மீன்புண் நோயில் மிகுதியும் மடிந்தவற்றுள் விரால் இனங்கள் அடங்கும். குளிர் மாதங்களில் அந்நோய் தலையெடுப்பது வழக்கம். ஓடையிலிருந்து கொணர்ந்த மீனைச் சில வாரங்களேனும் தனித் தொட்டியில் வைத்து, உடலில் செம்புண் தோன்றுகிறதா என்று கவனித்தல் களப்பணியாளரின் கடமை. அத்தொட்டியின் நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. சுண்ணாம்பு கலந்து மண்ணில் விடுக.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது. நம் நாட்டு மீன் என்றால் எங்கு விட்டாலும் தீங்கில்லை என்ற எண்ணம் மாணவரிடையே தோன்றிவிடக்கூடும். அவ்வெண்ணம் தவறானது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்னுமிடத்து ஒரு குளத்தில் சீன விரால் ஒன்று பெருகியிருக்கக் கண்டனர். உணவுக்காக வாங்கப்பட்டுப் பின்னர் குளத்தில் விடப்பட்ட மீன்களே அதற்குக் காரணம். குளத்துக்கு நஞ்சிட்டு மீன்களை அழித்தனர். அதே ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் விரால் குடும்பம் முழுவதையும் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. ஈராண்டுகளுக்குள் அம்மீன் பொட்டோமாக் ஆற்றிலும் தென்பட்டது. நமக்கு விருந்தாகும் விரால் குடும்பம் அங்கே அச்சத்துக்குரியது. மேலும், கச்சுவா என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டவற்றுள் பல தனி இனங்கள் அடங்கியிருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டிவருகின்றன. எனவே தூன் பள்ளத்தாக்கின் மீனைத் தமிழ்நாட்டு ஓடையிலோ, தமிழ்நாட்டு மீனை டில்லியிலோ விடுதல், கண்ணுக்குப் புலப்படாத கலப்பை உண்டாக்கிவிடும். மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர் தம் தொட்டியை உடன் கொண்டு செல்லாது, பள்ளியிலேயே விட்டுச் செல்வதே முறை.

நல்லெண்ணத்தோடு விடப்பட்ட மீன்கள் இந்நாட்டில் முன்பும் உண்டு. மலேரியாவை ஒழிக்க 1928இல் இத்தாலியிலிருந்து கொணர்ந்த கம்பூசியா மீன் இன்று நாடெங்கும் உள்ளது. கொசுவைத் தின்றதோடு அது நிற்கவில்லை. பிற மீன்களின் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்றது. அன்று அதனைக் கொணர்ந்தவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்கள் காலத்து அறிவு அவ்வளவே. இன்று அந்த நியாயம் எவருக்கும் இல்லை.

ஏற்கெனவே திலாப்பியாவோ மலாவி மீனோ வளர்த்துவரும் பள்ளிகள் அவற்றை உடனே அழிக்க வேண்டுமென்பதில்லை. ஆண் மீன்களை மட்டும் தனியே பிரித்து வளர்த்தால் பெருக்கம் நின்றுவிடும். இருப்பவை தம் ஆயுள் முடிய வாழட்டும். மிகுதியானவற்றை வாங்கிய கடையே திரும்ப ஏற்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று. சில கடைகள் ஏற்கின்றன. ஏற்க எவருமில்லாதபோது, கொடிய மனம் என்று எவர் சொல்லினும், மீனைக் கிராம்பெண்ணெய் கலந்த நீரில் மயக்கி, வேதனையின்றி இறக்கச் செய்து மண்ணில் புதைப்பதே ஆற்றில் விடுவதைக் காட்டிலும் கருணை மிக்கது. அதனை மாணவரிடம் மறைக்காமல், காரணத்தோடு எடுத்துச் சொல்லலாம்.

கச்சுவா வளர்க்க எண்ணுவோர் மாசி மாதத்தில் தொட்டியை அமைத்துச் செடிகளை வேரூன்றச் செய்து, வெயில் ஏறுமுன் இளமீன்களைக் கொணர்ந்துவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் ஆண் மீன் இரையை மறுத்து மூலையில் ஒதுங்குவது தென்பட்டால், தொட்டியின் முன்புறம் ஒரு துணியைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து, தட்டுவதையும் நீர் மாற்றுவதையும் நிறுத்திவிடுக. அச்சமுற்ற ஆண் முட்டைகளை விழுங்கிவிடும். முதல் முறை பெரும்பாலும் அவ்வாறே ஆகும். இரண்டாம் முறைக்குச் சில வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.